எட்வர்ட் கார்ப்பெண்டர்

எட்வர்ட் கார்ப்பெண்டர் (ஆகஸ்ட் 29, 1844 - ஜூன் 28, 1929) ஓர் ஆங்கிலேயக் கவிஞர், கட்டுரையாளர், சமவுடைமைச் சிந்தனையாளர். ஆண்களுக்கிடையிலான பாலுறவு சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக இருந்த காலத்தில், தன்பாலீர்ப்பு மனித இயல்பின் ஒரு பகுதியே என்று தன் சொந்தப் பெயரில் எழுதி வெளியிட்ட முதல் பிரித்தானியர்களுள் இவரும் ஒருவர். ஷெஃபீல்டு நகரத்தின் ஏழைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த ஜார்ஜ் மெரில் என்பவருடன் 1898 முதல் முப்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் இணையராக வாழ்ந்தார். பிரித்தானியத் தொழிலாளர் இயக்கம், பெண்ணுரிமை, சிறைச் சீர்திருத்தம், விலங்குநலம் ஆகிய துறைகளிலும் இவரது பங்களிப்பு குறிப்பிடத்தக்கது. இலங்கைத் தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் இவரது நெருங்கிய நண்பர் ஆவார்.

பிறப்பும் குடும்பமும்

கார்ப்பெண்டர் இங்கிலாந்தின் தென்கரையில் பிரைட்டன் நகரை அடுத்துள்ள ஹோவ் என்னும் ஊரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். தந்தை சார்ல்ஸ் கார்ப்பெண்டர் முதலில் கடற்படையிலும் பின்னர் வழக்கறிஞர் தொழிலிலும் இருந்தவர். குடும்பத்தின் வருவாய் பெரும்பாலும் முதலீடுகளிலிருந்து வந்தது. பிள்ளைகள் பலர் இருந்த வீட்டில் எட்வர்டுக்குச் சகோதரிகள் அதிகம். படிப்போ தொழிலோ இன்றி, திருமணத்தை எதிர்பார்த்தபடி நாட்களைக் கடத்த வேண்டியிருந்த சகோதரிகளின் நிலை இவரது மனத்தில் ஆழப் பதிந்தது. பிற்காலத்தில் பெண்களின் விடுதலை குறித்து இவர் எழுதியவற்றுக்கு இதுவே தொடக்கம் எனலாம்.

பிரைட்டன் கல்லூரியில் பள்ளிப்படிப்பை முடித்தார். இசையில், குறிப்பாகப் பியானோவில், மிகுந்த ஈடுபாடு கொண்டிருந்தார். ஆனால் ஆண்பிள்ளைக்கு இசை தேவையற்றது என்று கருதப்பட்டமையால் பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டார். தன் உள்ளம் ஆண்களை நாடுவதைச் சிறுவயதிலேயே உணர்ந்தபோதும் அதைப் பற்றிப் பேச எவரும் இல்லை. அதற்கு ஒரு பெயர் உண்டு என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

கேம்பிரிட்ஜ் வாழ்க்கை

1864 ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி ஹால் கல்லூரியில் சேர்ந்து கணிதம் பயின்றார். 1868 இல் பட்டம் பெற்றபின் அக்கல்லூரியிலேயே உறுப்பினர் பதவி கிடைத்தது. இப்பதவியை இவருக்கு முன் வகித்த எழுத்தாளர் லெஸ்லி ஸ்டீபன், கிறித்தவ நம்பிக்கையை இழந்தமையால் அதைத் துறந்திருந்தார். அதே பதவியில் அமர்ந்த கார்ப்பெண்டரும் சில ஆண்டுகளில் அதே காரணத்தால் அதைக் கைவிட்டது குறிப்பிடத்தக்கது.

பதவியின் விதிப்படி இவர் இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றார். கேம்பிரிட்ஜ் புனித எட்வர்ட் தேவாலயத்தில், கிறித்தவ சமவுடைமையாளராக அறியப்பட்ட பிரெடெரிக் டெனிசன் மோரிசின் கீழ் துணைக்குருவாகப் பணியாற்றினார். இக்காலத்தில் அரச குடும்பத்து இளவரசர்களுக்கு ஆசிரியராகும் வாய்ப்பு வந்தது. அவ்விளவரசர்களுள் ஒருவர் பிற்காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஆனவர். கார்ப்பெண்டர் அவ்வாய்ப்பை மறுத்துவிட, அவரது நண்பர் ஜான் நீல் டால்டன் அப்பணியை ஏற்றார்.

வெளிப்பார்வைக்கு எல்லாம் சிறப்பாக நடந்தபோதும் கார்ப்பெண்டரின் உள்ளத்தில் அமைதி இல்லை. சக மாணவரான எட்வர்ட் அந்தனி பெக் என்பவரிடம் அவர் கொண்டிருந்த அன்பு நிலைக்கவில்லை. பெக் விலகிக்கொண்டது அவருக்குப் பெருந்துயரமாயிற்று. பெக் பின்னாளில் அக்கல்லூரியின் தலைவரானார்.

இந்நிலையில் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் கவிதை நூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. ஆண்களுக்கிடையிலான தோழமையையும் உழைக்கும் மக்களையும் வெட்கமின்றிப் பாடிய அக்கவிதைகள் அவரது வாழ்வைத் திசைதிருப்பின. 1874 இல் விட்மனுக்கு நீண்ட கடிதம் எழுதினார். அதே ஆண்டில் குருத்துவத்தைத் துறந்து கேம்பிரிட்ஜை விட்டு வெளியேறினார். பின்னர் 1877 இலும் 1884 இலும் அமெரிக்கா சென்று விட்மனை நேரில் கண்டார்.

வட இங்கிலாந்தில்

பல்கலைக்கழகக் கல்வி எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்ற நோக்கத்துடன் அப்போது தொடங்கியிருந்த பல்கலைக்கழக விரிவாக்க இயக்கத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். லீட்ஸ், நாட்டிங்காம், ஷெஃபீல்டு முதலிய தொழில் நகரங்களில் வானியல், இசை போன்ற பாடங்களை நடத்தினார். தொழிலாளர்களுக்குக் கற்பிக்கலாம் என்று எண்ணிச் சென்றவருக்கு ஏமாற்றமே கிடைத்தது. வகுப்புகளுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நடுத்தர வகுப்பினர். எனினும் இரும்புத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஷெஃபீல்டு நகரமும் அதன் தொழிலாளர்களும் அவருக்குப் பிடித்துப்போயினர்.

அங்கு அரிவாள் வடிக்கும் தொழிலாளியான ஆல்பர்ட் ஃபெர்னியாவின் நட்பு கிடைத்தது. 1880 ஆம் ஆண்டளவில் அவரது குடும்பத்துடனேயே சென்று தங்கினார். கல்லூரி உறுப்பினராக இருந்த ஒருவர் தொழிலாளியின் குடிசையில் வாழ்வது அக்காலத்தில் எவரும் கேள்விப்படாத செயல். வயலில் உடலுழைப்புச் செய்யக் கற்றுக்கொண்டதும் விரிவுரைப் பணியை விட்டதும் இக்காலத்திலேயே ஆகும்.

மில்தோர்ப் வீடு

1882 இல் தந்தை இறந்தபோது கார்ப்பெண்டருக்கு ஏறத்தாழ 6,000 பவுண்டு சொத்துக் கிடைத்தது. அப்பணத்தைக் கொண்டு, ஷெஃபீல்டுக்குத் தெற்கே டார்பிசயர் மாவட்டத்திலுள்ள மில்தோர்ப் என்னும் சிற்றூரில் ஏழு ஏக்கர் நிலம் வாங்கி வீடு கட்டினார். 1883 இல் ஃபெர்னியா குடும்பத்துடன் அங்கு குடியேறினார். காய்கறி, பழம், பூ ஆகியவற்றைப் பயிரிட்டுச் சந்தையில் விற்றனர். காலையில் எழுத்து, பின்னர் தோட்டவேலை, வாரத்தில் சில நாள் சந்தை என்று அவரது வாழ்க்கை அமைந்தது.

கார்ப்பெண்டர் புலால் உண்பதைத் தவிர்த்தார். எளிய ஆடைகளையே அணிந்தார். இந்தியாவில் அலிகாரில் ஆசிரியராக இருந்த நண்பர் ஹரோல்டு காக்ஸ் காசுமீரத்துச் செருப்புகளை இவருக்கு அனுப்பினார். அதை மாதிரியாகக் கொண்டு கார்ப்பெண்டர் தாமே வார்ச்செருப்புத் தைக்கத் தொடங்கினார். கால்களை இறுக்கும் தோல் காலணிகளுக்கு மாற்றாக அவை நண்பர்களிடையே பரவின. இங்கிலாந்தில் வார்ச்செருப்பு அணியும் வழக்கத்தைப் பரப்பியவர்களுள் ஒருவராக இவர் குறிப்பிடப்படுகிறார். பிற்காலத்தில் சமவுடைமையாளர்களைக் கேலி செய்தோர் வார்ச்செருப்பையும் சேர்த்தே கேலி செய்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மில்தோர்ப் வீடு நாளடைவில் பலரும் தேடிவரும் இடமாயிற்று. வில்லியம் மோரிஸ், தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ஒலிவ் ஷ்ரைனர் முதலியோருடன் ஷெஃபீல்டு நகரத் தொழிலாளர்களும் ஒரே மேசையில் அமர்ந்து உண்டனர்.

சமவுடைமை இயக்கம்

1883 இல் வெளிவந்த டுவர்ட்ஸ் டெமாக்ரசி (மக்களாட்சியை நோக்கி) என்னும் நீண்ட வசன கவிதை இவரது முதன்மைப் படைப்பாகும். முதற்பதிப்பு அதிகம் விற்கவில்லை. இருபது ஆண்டுகளில் படிப்படியாக விரிவுபடுத்தப்பட்டு நான்கு பகுதிகளாக நிறைவுற்றது. பின்னர் தொழிலாளர் கூட்டங்களில் விரும்பிப் படிக்கப்பட்ட நூல்களுள் ஒன்றாயிற்று.

அதே ஆண்டு ஹைண்ட்மனின் சமூக மக்களாட்சிக் கூட்டமைப்பில் இணைந்தார். அவ்வமைப்பு 1884 இல் ஜஸ்டிஸ் என்னும் இதழைத் தொடங்க 300 பவுண்டு கொடுத்து உதவினார். பின்னர் வில்லியம் மோரிசின் சமவுடைமைக் கழகத்தின் பக்கம் சாய்ந்தார். 1886 இல் ஷெஃபீல்டு சமவுடைமைச் சங்கம் உருவாக முன்னின்றார். அச்சங்கம் நகரின் ஸ்கொட்லாந்து தெருவில் காமன்வெல்த் என்ற பெயரில் ஒரு தேநீர்க்கடையையும் கூட்ட அறையையும் நடத்தியது. கார்ப்பெண்டர் சிறிது காலம் அதன் மேல்மாடியிலேயே தங்கியிருந்தார். இவர் எழுதி இசையமைத்த இங்கிலாந்து அரைஸ் (இங்கிலாந்தே எழுக) என்னும் பாடல் தொழிலாளர் ஊர்வலங்களில் நெடுங்காலம் பாடப்பட்டது.

எக்கட்சியின் கொள்கையையும் இவர் முழுமையாக ஏற்கவில்லை. சமவுடைமையாளர், அரசின்மைவாதி, தொழிற்சங்கத்தவர் ஆகிய எல்லோரும் ஒரே பெரிய இயக்கத்தின் பகுதிகளே என்று கருதினார். 1892 இல் வால்சால் நகரில் அரசின்மைவாதிகள் சிலர் வெடிகுண்டுச் சதி வழக்கில் சிக்கியபோது, அவர்களுள் ஒருவரான தன் நண்பர் பிரெட் சார்ல்சுக்காக வெளிப்படையாகக் குரல் கொடுத்தார்.

1889 இல் வெளியான சிவிலைசேசன்: இட்ஸ் காஸ் அண்ட் கியூர் (நாகரிகம்: அதன் காரணமும் மருந்தும்) என்னும் நூல், நவீன நாகரிகத்தை ஒரு நோயாகக் கருதி ஆராய்ந்தது. மோகன்தாஸ் காந்தி 1909 இல் எழுதிய இந்திய சுயராச்சியம் நூலின் பிற்சேர்க்கையில், படிக்கவேண்டிய நூல்களுள் ஒன்றாக இதனைச் சேர்த்துள்ளார். லியோ டால்ஸ்டாயும் கார்ப்பெண்டரின் கட்டுரை ஒன்றின் உருசிய மொழிபெயர்ப்புக்கு முன்னுரை எழுதினார்.

அருணாசலத்துடன் நட்பும் இலங்கைப் பயணமும்

பொன்னம்பலம் அருணாசலம் (1853-1924) 1870களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் பயின்றபோது கார்ப்பெண்டருக்கு அறிமுகமானார். அருணாசலம் இலங்கை திரும்பிக் குடியியல் சேவையில் சேர்ந்த பின்னரும் இருவருக்கும் இடையே கடிதப் போக்குவரத்து நீடித்தது. 1880களின் தொடக்கத்தில் அருணாசலம் அனுப்பிய பகவத்கீதை மொழிபெயர்ப்பைப் படித்த கார்ப்பெண்டர், தன் நெடுங்கவிதையை எழுதுவதற்கான தெளிவை அந்நூல் தந்ததாகப் பின்னர் கூறியுள்ளார்.

1890 இன் இறுதியில் கார்ப்பெண்டர் இலங்கைக்குப் பயணமானார். அப்போது குருநாகலில் நீதிபதியாக இருந்த அருணாசலத்தின் விருந்தினராகத் தங்கினார். சிவனொளிபாதமலை ஏறினார். தைப்பூசத் திருவிழாவைக் கண்டு எழுதினார். தேயிலைத் தோட்டங்களில் குறைந்த கூலிக்கு உழைத்த தமிழ்த் தொழிலாளர்களின் நிலையும் அவர் பார்வைக்குத் தப்பவில்லை.

இப்பயணத்தில் அவருக்கு முதன்மையானதாக அமைந்தது இராமசாமி என்னும் ஞானியைச் சந்தித்தது ஆகும். இவர் தில்லைநாதன் சுவாமியின் சீடர். கார்ப்பெண்டர் சில வாரங்கள் தொடர்ந்து அவரிடம் சென்று, தமிழ் நண்பர்களின் மொழிபெயர்ப்பு உதவியுடன் உரையாடினார். எண்ணங்களை அடக்குதல், தான் என்னும் உணர்வைக் கடத்தல் ஆகியன பற்றி அவரிடம் கேட்டறிந்தார். குருவின் சொல்லை அப்படியே ஏற்பதில் கார்ப்பெண்டருக்கு உடன்பாடு இருக்கவில்லை. உலகின் அமைப்பு, சாதி போன்றவற்றில் ஞானி கொண்டிருந்த கருத்துகளுடன் அவர் முரண்பட்டார். ஆயினும் தனிமனிதர்களுக்கு இடையிலான வேலிகள் உண்மையானவை அல்ல என்ற கருத்து, மக்கள் சமத்துவம் பற்றிய அவரது கொள்கைக்கு ஒரு ஆன்மிக அடித்தளத்தைத் தந்தது.

இலங்கையிலிருந்து தென்னிந்தியக் கோயில் நகரங்கள், சென்னை, கல்கத்தா, காசி, தில்லி, அலிகார், பம்பாய் எனப் பயணம் செய்து 1891 இல் நாடு திரும்பினார். இப்பயண அனுபவங்கள் 1892 இல் ஃப்ரம் ஆடம்ஸ் பீக் டு எலிபெண்டா (ஆதாம் மலையிலிருந்து எலிபெண்டா வரை) என்ற நூலாக வெளிவந்தன. இந்தியரோடு பழகாமல் தம் ஓட்டுக்குள் ஒடுங்கி வாழ்ந்த ஆங்கில அதிகாரிகளை அந்நூல் கண்டிக்கிறது. ஞானியைப் பற்றிய பகுதி பின்னர் தனிநூலாகவும் வந்தது. 1924 இல் அருணாசலம் மதுரையில் காலமானார். மூன்றாண்டுகளுக்குப் பின்னர், ஞானம் குறித்து அவர் எழுதிய கடிதங்களை லைட் ஃப்ரம் தி ஈஸ்ட் (கிழக்கிலிருந்து ஒளி) என்ற பெயரில் கார்ப்பெண்டர் பதிப்பித்தார். அப்போது அவருக்கு வயது 83.

சட்டமும் ஆஸ்கார் வைல்டு வழக்கும்

இங்கிலாந்தில் ஆண்களுக்கிடையிலான புணர்ச்சிக்கு 1861 வரை சட்டப்படி மரணதண்டனை இருந்தது. அவ்வாண்டு அது நீண்டகாலச் சிறைத்தண்டனையாக மாற்றப்பட்டது. 1885 இல் சிறுமியரைப் பாதுகாக்கும் நோக்கில் கொண்டுவரப்பட்ட குற்றவியல் சட்டத் திருத்தத்தில், ஹென்றி லபுசேர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு பிரிவைச் சேர்த்தார். அதிக விவாதமின்றி நிறைவேறிய அப்பிரிவு, தனியிடத்தில் நிகழ்ந்தாலும் ஆண்களுக்கிடையிலான எவ்விதப் பாலியல் நடத்தையையும் குற்றமாக்கியது. இரண்டு ஆண்டுவரை கடுங்காவல் விதிக்க அது வழிசெய்தது. பயமுறுத்திப் பணம் பறிப்போருக்கு இச்சட்டம் பெரிதும் பயன்பட்டது.

இச்சூழலில் கார்ப்பெண்டர் 1894 இல் மான்செஸ்டர் தொழிலாளர் அச்சகத்தின் மூலம் பாலுறவு, பெண்கள், திருமணம் ஆகியவை பற்றிச் சிறுநூல்களை வெளியிட்டார். அவ்வரிசையில் நான்காவதாக ஹோமோஜெனிக் லவ் (ஒருபால் அன்பு) என்ற சிறுநூலைத் தனிச்சுற்றுக்கு மட்டும் அச்சிட்டார். அக்காலத்தில் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்த ஹோமோசெக்சுவல் என்ற சொல் கிரேக்கத்தையும் இலத்தீனையும் கலந்து ஆக்கப்பட்டது என்பதால் அவர் அதை விரும்பவில்லை. முழுவதும் கிரேக்க வேர்களைக் கொண்ட ஹோமோஜெனிக் என்ற சொல்லையே பயன்படுத்தினார்.

சில மாதங்களில் நிலைமை மோசமாயிற்று. 1895 ஏப்ரலில் நாடகாசிரியர் ஆஸ்கார் வைல்டு கைதானார். மே 25 அன்று அவருக்கு இரண்டு ஆண்டு கடுங்காவல் விதிக்கப்பட்டது. நாடெங்கும் அச்சம் பரவியது. கார்ப்பெண்டரின் சிறுநூல்களைத் தொகுத்து வெளியிட ஒப்பந்தம் செய்திருந்த இலண்டன் பதிப்பாளர் ஃபிஷர் அன்வின், ஒருபால் அன்பைப் பற்றிய பகுதி அதில் இல்லாதபோதும், ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார். முன்னரே விற்பனையில் இருந்த டுவர்ட்ஸ் டெமாக்ரசி நூலையும் தன் கடையிலிருந்து விலக்கினார். வேறு பதிப்பாளர்களும் முன்வராததால், 1896 இல் லவ்ஸ் கமிங் ஆஃப் ஏஜ் (காதல் பருவமெய்தல்) என்ற அந்நூலை மான்செஸ்டர் தொழிலாளர் அச்சகமே வெளியிட்டது. அது பின்னர் பல பதிப்புகள் கண்டு பிறமொழிகளிலும் பெயர்க்கப்பட்டது.

ஹேவ்லாக் எல்லிஸ் தன்பாலீர்ப்பு குறித்து எழுதிய ஆய்வுநூலுக்குக் கார்ப்பெண்டர் தன் சொந்த வாழ்க்கை வரலாற்றைப் பெயர் குறிப்பிடாமல் அளித்தார். 1898 இல் அந்நூலை விற்றதற்காக ஜார்ஜ் பெட்பரோ என்பவர் மீது வழக்குத் தொடரப்பட்டது.

இடைநிலைப் பாலினம்

அச்சம் சற்றுத் தணிந்தபின் கார்ப்பெண்டர் மீண்டும் எழுதத் தொடங்கினார். 1902 இல் அயோலாஸ் என்னும் தொகைநூலை வெளியிட்டார். பண்டைக் கிரேக்கம் முதல் தன் காலம் வரை நட்பைப் பற்றி எழுதப்பட்டவற்றின் தொகுப்பு அது. தம் உணர்வு தனித்த நோயன்று, அதற்கு நீண்ட வரலாறு உண்டு என்று வாசகர் அறியவேண்டும் என்பதே இதன் நோக்கம்.

1906 இல் லவ்ஸ் கமிங் ஆஃப் ஏஜ் நூலின் புதிய பதிப்பில், பத்தாண்டுகளுக்கு முன் விட்டுவிட்ட பொருளைப் பற்றிய இயலைச் சேர்த்தார். 1908 இல் தி இன்டர்மீடியட் செக்ஸ் (இடைநிலைப் பாலினம்) என்னும் தனிநூல் வெளிவந்தது. மருத்துவரோ வழக்கறிஞரோ மட்டும் படிப்பதற்கன்றிப் பொதுமக்கள் படிப்பதற்காக ஆங்கிலத்தில் வெளிவந்த இத்தகைய முதல் நூல்களுள் இதுவும் ஒன்று. ஆண், பெண் என்பவை இரு துருவங்கள் அல்ல, இடையில் பல படிநிலைகள் உள்ளன என்பது இந்நூலின் அடிப்படைக் கருத்து. செருமானிய வழக்கறிஞர் கார்ல் ஹைன்ரிக் உல்ரிக்ஸ் முன்வைத்த கருத்தை இது பின்பற்றியது. தன்பாலீர்ப்புக் கொண்டோர் சமூகத்துக்குச் சுமையல்லர், வகுப்புகளுக்கும் பால்களுக்கும் இடையே பாலமாக இருந்து தொண்டாற்றக்கூடியவர்கள் என்றும் அவர் வாதிட்டார்.

சட்டத்தின் பிடியில் சிக்காமலிருக்க, உடலுறவைப் பற்றி நேரடியாகப் பேசாமல் அன்பு, தோழமை என்ற சொற்களாலேயே எழுதினார். இந்நூலைப் படித்த பலர் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அவருக்குக் கடிதம் எழுதினர். அவர்களுள் ஒருவர் அப்போது இளைஞராக இருந்த கவிஞர் சீக்பிரீட் சசூன். தான் தனியன் அல்லன் என்பதை முதன்முறையாக உணர்ந்தவர்களின் நன்றியே அக்கடிதங்களில் மிகுதியாகக் காணப்படுகிறது. 1914 அளவில் இயங்கத் தொடங்கிய பிரித்தானியப் பாலியல் உளவியல் ஆய்வுக் கழகத்தின் முதல் தலைவராகக் கார்ப்பெண்டர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஜார்ஜ் மெரில்

1880களில் சவரக் கத்திக்குச் சாணை பிடிக்கும் தொழிலாளியான ஜார்ஜ் ஹூக்கினிடம் கார்ப்பெண்டர் காதல் கொண்டிருந்தார். ஹூக்கின் 1887 இல் ஃபேனி என்ற பெண்ணை மணந்தார். அது கார்ப்பெண்டருக்கு மிகுந்த வேதனை தந்தபோதிலும், மூவரும் 1917 இல் ஹூக்கின் இறக்கும்வரை நண்பர்களாகவே இருந்தனர்.

1891 இல், இந்தியப் பயணத்திலிருந்து திரும்பியபின், ஷெஃபீல்டுப் பகுதியில் ஓடும் தொடர்வண்டி ஒன்றில் ஜார்ஜ் மெரிலைச் சந்தித்தார். மெரில் நகரின் சேரிப்பகுதியில் வளர்ந்தவர். முறையான கல்வி பெறாதவர். கிடைத்த சிறு வேலைகளைச் செய்து பிழைத்தவர். கார்ப்பெண்டரைவிட இருபது வயதுக்கு மேல் இளையவர். ஒளிவுமறைவின்றிப் பேசும் இயல்பும் நல்ல குரல்வளமும் கொண்டிருந்தார்.

1898 பிப்ரவரியில் மெரில் மில்தோர்ப் வீட்டுக்குக் குடிவந்தார். வைல்டுக்குத் தண்டனை விதிக்கப்பட்டு மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. நண்பர்கள் பலர் அஞ்சித் தடுத்தனர். பெண் ஒருத்தியாவது வீட்டில் இருந்தால் ஊரார் பேசமாட்டார்கள் என்று சிலர் அறிவுரை கூறினர். அதுவரை அவ்வீட்டில் தங்கியிருந்த ஜார்ஜ் ஆடம்ஸ் குடும்பம் மனக்கசப்புடன் வெளியேறியது. கார்ப்பெண்டர் எவர் பேச்சையும் கேட்கவில்லை. மெரில் சமையலையும் வீட்டு நிருவாகத்தையும் ஏற்றுக்கொண்டார்.

1909 இல் அப்பகுதியைச் சேர்ந்த ஒருவர், சமவுடைமையையும் ஆண்களின் தோழமையையும் தாக்கித் துண்டுநூல் ஒன்றை அச்சிட்டு ஊரெங்கும் பரப்பினார். அது கார்ப்பெண்டரையும் மெரிலையும் நேரடியாகக் குறிவைத்தது. எனினும் இருவர் மீதும் வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. கார்ப்பெண்டரின் கல்வியும் குடும்பப் பின்னணியும் சமூகத் தொடர்புகளும் ஒரு காப்பாக இருந்தமை இதற்கு ஒரு காரணமாகக் கொள்ளப்படுகிறது. அறியாதவர்களுக்கு அவர்கள் முதலாளியும் வீட்டுப் பணியாளரும் போலத் தோன்றியிருக்கலாம். தொழிலாளியாகிய மெரிலுக்கு இத்தகைய காப்பு எதுவும் சொந்தமாக இருக்கவில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். மெரிலின் வாழ்க்கையைக் கார்ப்பெண்டர் ஒரு சிறு வரலாறாக எழுதிவைத்தார். அது அவர் காலத்தில் அச்சாகவில்லை.

எழுத்தாளர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1913 இல் மில்தோர்ப் வந்தபோது இவ்விருவரின் வாழ்வைக் கண்டு வியந்தார். உடனே மோரிஸ் என்னும் புதினத்தை எழுதத் தொடங்கி அடுத்த ஆண்டில் முடித்தார். நடுத்தர வகுப்பு இளைஞன் ஒருவனும் வேட்டைக்காடு காப்போன் ஒருவனும் இணைந்து வாழ்வதாக அக்கதை முடிகிறது. மகிழ்ச்சியான முடிவைக் கொண்டிருந்த காரணத்தாலேயே அதை வெளியிட முடியாது என்று ஃபார்ஸ்டர் கருதினார். அவர் இறந்த மறுஆண்டான 1971 இல்தான் அந்நூல் அச்சேறியது.

பிற ஈடுபாடுகள்

பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற இயக்கத்துக்குக் கார்ப்பெண்டர் ஆதரவளித்தார். பொருளாதார விடுதலை இல்லாத திருமணம் பெண்ணை உடைமையாக்குகிறது என்று எழுதினார். ஹென்றி சால்ட் நிறுவிய மனிதநேயக் கழகத்துடன் சேர்ந்து, உயிருள்ள விலங்குகளை அறுத்து ஆய்வு செய்வதை எதிர்த்தார். 1905 இல் சிறைகள், காவல்துறை, தண்டனை ஆகியவை குறித்து ஒரு நூல் எழுதினார். ஷெஃபீல்டு நகர ஆலைப்புகையால் காற்று மாசடைவதைக் கண்டித்தார். சுற்றுச்சூழல் பற்றிய இவரது கருத்துகள் காலத்தை முந்தியவை எனலாம்.

இறுதிக் காலம்

1922 இல் கார்ப்பெண்டரும் மெரிலும் மில்தோர்ப்பை விட்டுத் தென்னிங்கிலாந்திலுள்ள கில்ட்ஃபோர்டு நகருக்குக் குடிபெயர்ந்தனர். 1924 இல் அவரது எண்பதாவது பிறந்தநாளன்று வந்த வாழ்த்தில், அப்போது ஆட்சியிலிருந்த முதல் தொழிற்கட்சி அரசின் அமைச்சரவை உறுப்பினர்கள் அனைவரும் கையொப்பமிட்டிருந்தனர். ஆணோடு இணைந்து வாழ்ந்த ஒருவருக்கு, அவ்வாழ்வைக் குற்றமாக்கிய சட்டம் நடைமுறையில் இருந்தபோதே நாட்டின் அமைச்சர்கள் வாழ்த்துக் கூறியது கருதத்தக்கது. எனினும் அச்சட்டத்தை மாற்ற அவ்வரசு எதுவும் செய்யவில்லை.

1928 ஜனவரியில் மெரில் திடீரென இறந்தார். தன்னைவிட மிக இளையவர் தனக்குமுன் இறப்பார் என்பதைக் கார்ப்பெண்டர் எதிர்பார்த்திருக்கவில்லை. அவ்வாண்டு மே மாதம் பக்கவாதம் தாக்கி உடல்நலம் குன்றினார். 1929 ஜூன் 28 அன்று தமது 84 ஆம் வயதில் காலமானார். கில்ட்ஃபோர்டு மவுண்ட் இடுகாட்டில், மெரிலின் கல்லறையிலேயே அவரது உடலும் அடக்கம் செய்யப்பட்டது.

தாக்கமும் மதிப்பீடும்

இறந்த சில ஆண்டுகளிலேயே கார்ப்பெண்டரின் பெயர் பெரிதும் மறக்கப்பட்டது. தொழிற்கட்சி ஆட்சி நடத்தும் கட்சியாக வளர்ந்தபின், செருப்புத் தைத்த கவிஞரை நினைவுகூர்வது பலருக்குச் சங்கடமாக இருந்தது. ஜார்ஜ் ஆர்வெல் 1937 இல் எழுதிய நூலொன்றில், வார்ச்செருப்பு அணிவோரும் மரக்கறி உண்போரும் சமவுடைமைக் கொள்கைக்கே அவப்பெயர் தேடித்தருவதாகக் கேலி செய்தார்.

ஆயினும் அவரது நூல்கள் வேறிடங்களில் படிக்கப்பட்டு வந்தன. அமெரிக்காவில் 1950 இல் மட்டாசைன் சங்கத்தைத் தோற்றுவித்த ஹாரி ஹே, சிறுவயதில் நூலகம் ஒன்றில் தி இன்டர்மீடியட் செக்ஸ் நூலைக் கண்டெடுத்துப் படித்தவர். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1967 இல் இயற்றப்பட்ட சட்டம், 21 வயது நிரம்பிய ஆண்கள் தனியிடத்தில் கொள்ளும் உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது. 1970களில் எழுந்த உரிமை இயக்கத்தினர் கார்ப்பெண்டரைத் தம் முன்னோடியாகக் கண்டுகொண்டனர். வரலாற்றாளர் சீலா ரௌபாதம் 2008 இல் இவரது விரிவான வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். கார்ப்பெண்டரின் கடிதங்களும் கையெழுத்துப் படிகளும் ஷெஃபீல்டு ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ரோஜர் ஃபிரை 1894 இல் வரைந்த இவரது ஓவியம் இலண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தின் தொகுப்பில் உள்ளது.

கார்ப்பெண்டரின் கருத்துகள் குறைபாடற்றவை அல்ல. தன்பாலீர்ப்புக் கொண்டோரை ஒரு தனி இடைநிலை வகையினராகக் காண்பது இன்று பலராலும் ஏற்கப்படுவதில்லை. உடலுறவைப் பற்றிய மௌனம், ஆண்களைப் பற்றி எழுதிய அளவுக்குப் பெண்களுக்கிடையிலான அன்பைப் பற்றி எழுதாமை ஆகியனவும் குறைகளாகச் சுட்டப்படுகின்றன. கீழை நாடுகளை அவர் ஓரளவு இலட்சியமயப்படுத்தினார் என்ற திறனாய்வும் உண்டு. இருப்பினும், தான் எழுதியதற்கேற்ப வாழ்ந்ததும், அவ்வாழ்வை முப்பது ஆண்டுகள் மறைக்காததும் அவரது தனிச்சிறப்பாகக் கருதப்படுகின்றன.

முக்கிய நூல்கள்

- டுவர்ட்ஸ் டெமாக்ரசி (மக்களாட்சியை நோக்கி), 1883
- சிவிலைசேசன்: இட்ஸ் காஸ் அண்ட் கியூர் (நாகரிகம்: அதன் காரணமும் மருந்தும்), 1889
- ஃப்ரம் ஆடம்ஸ் பீக் டு எலிபெண்டா (ஆதாம் மலையிலிருந்து எலிபெண்டா வரை), 1892
- லவ்ஸ் கமிங் ஆஃப் ஏஜ் (காதல் பருவமெய்தல்), 1896
- அயோலாஸ், 1902
- தி ஆர்ட் ஆஃப் கிரியேசன் (படைப்புக் கலை), 1904
- தி இன்டர்மீடியட் செக்ஸ் (இடைநிலைப் பாலினம்), 1908
- மை டேஸ் அண்ட் டிரீம்ஸ் (என் நாட்களும் கனவுகளும், தன்வரலாறு), 1916
- லைட் ஃப்ரம் தி ஈஸ்ட் (கிழக்கிலிருந்து ஒளி), 1927